இடாப்பில் இருந்த மூன்று பெயர்கள்

1

ஒரு திங்கட்கிழமையிலிருந்து எங்கள் வீட்டுப் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் தொங்கியது. மகள் மின்ஹா பாலர் பாடசாலையிலிருந்து கொண்டுவந்தது. பிள்ளைக்கு நாலு வயது. ஆகவே வீட்டுப்பாடம் பெற்றோருக்கு. தாளில் நாலே நாலு கோடு. என் மலை. என் ஆறு. என் ஆட்களின் ஊர். என் பெயர். வெள்ளிக்கிழமைக்குள் நிரப்பி அனுப்ப வேண்டும்.

நியூசிலாந்தின் மூத்த குடிகளான மவோரி மக்களின் முறை இது. ஒருவர் சபையில் எழுந்து தன்னை அறிமுகம் செய்யும்போது எடுத்த எடுப்பில் பெயரைச் சொல்வதில்லை. தன் மலை எது, தன் ஆறு எது, தன் ஆட்கள் எந்த ஊர் என்று சொல்லிக்கொண்டு வந்து கடைசியில்தான் பெயருக்கு வருவார்கள். பள்ளிக்கூடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குகிறார்கள். நல்ல வழக்கம்தான். நமக்குத்தான் ஆகாது.

கணவர் ரிஸ்வான் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றியபடியே தாளை வாசித்தார்.

"மலைக்கு நாங்க எங்க போற? புத்தளத்து உப்புக் குவியல எழுது. ஊருக்குக் கற்பிட்டி. முடிஞ்சிது."

அவருக்கு முடிந்துவிடும். அவர் கற்பிட்டிப் பக்கத்துக் கண்டக்குழிக்காரர். பாட்டன் முப்பாட்டன் எல்லோரும் அந்தக் கரையில் வலை இழுத்தவர்கள். கல்யாணம் முடிந்தபிறகு என்னையும் கற்பிட்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டார். நான் பேனையை எடுத்து "என் பெயர்" என்ற இடத்தில் மட்டும் மின்ஹா என்று எழுதிவிட்டு, மற்ற மூன்று கோடுகளையும் விட்டுவிட்டேன். ஊருக்கான அந்தக் கோடு கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு ஒரு அடிமட்டமும் சிவப்புப் பேனையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, ரிஸ்வானிடமும்.

2

ஊரிலிருந்து பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று. நானும் பெரிய அனுபவசாலிபோல ஒரு பட்டியல் அனுப்புவேன். ஆங்கிலப் பரீட்சைக்குக் கொழும்புக்கு முதல் நாளே போய்விடுங்கள். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்த தாளைப் பத்திரப்படுத்துங்கள். குளிருடுப்பை ஊரில் வாங்காதீர்கள். கருவாடு கொண்டுவராதீர்கள், இங்கே விமான நிலையத்தில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் நான் எழுதாத ஆயத்தம் ஒன்று உண்டு.

ஏழு வருடத்துக்கு முன் எனக்கு இடம் கிடைத்தது. களப்பு நீரின் உப்புத்தன்மை பற்றிய ஆய்வு. வாப்பா புத்தளம் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவர். மகள் அந்த உப்பையே படிக்க வெளிநாடு போகிறாள் என்றதும், "நான் வெயில்ல நிண்டு படிச்சத நீ ஏசியில இருந்து படிக்கப் போறா" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். விசாவுக்குக் கேட்ட தாள்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம், நான் குற்றம் எதுவும் செய்யாதவள் என்று பொலிஸ் தரும் சான்றிதழ். அது வரவில்லை. "இந்த விலாசத்தில் இப்படி ஒருவர் வசிப்பதில்லை" என்று பதில் வந்தது.

பொலிஸ் சொன்னது உண்மை. நான் பிறந்தது புத்தளத்தில், முகாமில், கிடுகுக் குடிலில். படித்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். ஆனால் என் அடையாள அட்டையில் இருந்த விலாசம் மன்னார் மாவட்டத்தில், முசலிப் பக்கத்து ஊர் ஒன்று. அங்கே நான் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

இது புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரையும் புலிகள் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். வாப்பாவும் உம்மாவும் மூத்த பிள்ளையான என் அண்ணன் நானாவும் படகில் வந்து கண்டக்குழிக் கரையில் இறங்கினார்கள். இன்று வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்குகிறார்களே, அதே கரை. நான் அதற்குப் பிறகு பிறந்தவள். எங்கள் ஆட்களில் பலர் அப்போதிருந்து ஒரு காரியம் செய்துவந்தார்கள். இருப்பது புத்தளத்தில், பதிவு மட்டும் மன்னாரில். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பெயரை எடுத்துவிட்டால் காணியும் போய்விடும், அங்கே நாங்கள் இருந்தோம் என்பதும் போய்விடும் என்ற பயம்.

போர் முடிந்த பிறகு வாப்பா ஒவ்வொரு ஜூன் மாதமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பொலித்தீன் பையில் தாள்களைச் சுற்றிக்கொண்டு, பஸ் மாறி மாறி அந்த ஊருக்குப் போவார். வாக்காளர் பெயர்ப் பதிவேடான இடாப்புக்குரிய படிவத்தைக் கிராம சேவகர் முன்னால் தன் கையாலேயே நிரப்பிக் கொடுப்பார். நானா கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போனபோது தன் பதிவைப் புத்தளத்துக்கு மாற்றிக்கொண்டார். வாப்பா அவரோடு ஒரு மாதம் பேசவில்லை. மிச்சமிருந்தது மூன்று பெயர்கள். வாப்பா, உம்மா, நான்.

புத்தளத்துக் கிராம சேவகரான ஜீ.எஸ்ஸிடம் போனேன். நல்ல மனிதர்தான். "என்ட இடாப்பில ஒங்கட பேர் இல்லையேம்மா. அங்க வெட்டின கடிதத்தக் கொண்டாங்க, அடுத்த நாளே இங்க சேத்துத் தாறன்" என்றார். வாப்பாவிடம் வந்து சொன்னேன். அவர் சோற்றுப் பீங்கானைத் தள்ளி வைத்தார்.

"வேற வழியப் பாரு புள்ள. பேர வெட்டுற கத இந்த வீட்டில வேணாம்."

வேறு வழி இருக்கவில்லை. விசாவுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது.

3

நவம்பர் மழை. எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் என்கிற தாழ்பாலம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்ததால் காட்டுப் பாதையால் போக முடியாது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டு, அனுராதபுரம், மதவாச்சி என்று ஊரைச் சுற்றித்தான் போனேன். உம்மாவிடம், கண்டக்குழியில் கடல் தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்று பொய் சொன்னேன். நம்பவைப்பதற்கு வெற்றுப் போத்தல்கள் ஆறும் பையில் இருந்தன.

அந்த ஊரின் கிராம சேவகர் ஒரு தமிழர், குகன் என்று பெயர். முப்பது வயதிருக்கும். மழையில் நனைந்து போய் நின்ற என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லி, முதலில் துவாய் ஒன்றைத் தந்தார்.

"பொலிஸ் வந்து கேட்டது. நீங்க இங்க இல்லையெண்டு சொன்னது நான்தான் தங்கச்சி. பொய் சொல்ல ஏலாதுதானே" என்றார். "வீடு இருக்கே அங்க?"

"கிணறு இருக்கு" என்றேன். "மத்ததெல்லாம் காடு."

என் பெயரை நீக்குவதற்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். இடாப்பைத் திறந்து விரலால் தடவிக்கொண்டு போனவர் எங்கள் வீட்டு இலக்கத்தில் நிறுத்தினார்.

"இதில மூண்டு பேர் இருக்கு. மற்ற ரெண்டு பேரும் எங்க இருக்கினம்?"

நான் வாய் திறப்பதற்குள் அவரே கையை உயர்த்தினார்.

"பொறுங்கோ. யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்க சொன்னா நான் எழுதத்தான் வேணும். நான் கேக்கேல்ல எண்டு வைச்சுக்கொண்டு உங்கட பேரை மட்டும் வெட்டிவிடுறன். ஐயா வருசா வருசம் வாறவர், எனக்குத் தெரியும். வரேக்க எனக்கொரு பை உப்பும் கொண்டு வருவார்."

இதைவிட ஒரு மனிதர் என்ன செய்ய வேண்டும்? வாசலைத் திறந்து, போ என்று காட்டினார். நானோ விசாப் படிவத்தை மனப்பாடமாக வைத்திருந்தேன். தகவல் எதையேனும் மறைத்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும், பிறகு ஒருபோதும் அந்த நாட்டுக்குள் வர முடியாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. படிவத்தில் உம்மா வாப்பாவின் விலாசம் புத்தளம் என்று எழுதியிருந்தேன். யாராவது இந்த இடாப்பையும் அதையும் ஒப்பிட்டுப் பார்த்தால்? எங்கோ ஒரு விசாக் கந்தோரில் இருக்கும் வெள்ளைக்காரர் முசலிக்கு வந்து இடாப்பைப் புரட்டுவாரா என்று இன்று கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. அன்று பயம் கண்ணை மறைத்தது.

"அவங்களும் இங்க இல்ல. முப்பது வருசமாப் புத்தளத்திலதான். இங்க ஒருத்தரும் இல்ல. எழுதுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து அடிமட்டத்தை எடுத்தார். சிவப்புப் பேனையால் மூன்று கோடுகள். கோணாமல், மிகவும் நேராக இழுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானல்ல, வாப்பா.

போத்தல்களில் மதவாச்சி பஸ் நிலையத்துக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு இரவு இஷாத் தொழுகை நேரத்தில் வீடு வந்து சேர்ந்தேன்.

4

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஹஜ்ஜுக்கோ நீண்ட பயணத்துக்கோ போகிறவர் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ச் சொந்தக்காரர், அயலவர் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். "தெரிஞ்சோ தெரியாமலோ பிழ செஞ்சிருந்தா மாப்புச் செய்ங்க." அவர்களும் "மாப்பு, மாப்பு, அல்லாட காவல்" என்று கையைப் பிடித்து அனுப்புவார்கள். மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அல்லாஹ்கூட இடையில் வரமாட்டான் என்பது எங்கள் நம்பிக்கை.

என் பொலிஸ் சான்றிதழ் வந்தது, விசா வந்தது. எப்படி வந்தது என்று வாப்பா கேட்டபோது, பெரிய கந்தோரில் சொல்லிச் சரிக்கட்டினேன் என்றேன். படித்த மகள் அல்லவா, நம்பினார். பயணத்துக்கு முந்திய கிழமை நான் வீடு வீடாகப் போனேன். இருபத்து மூன்று வீடுகள். சண்டைபோட்ட மாமியிடமும் கேட்டேன், பரீட்சையில் பார்த்தெழுதத் தந்த கூட்டாளியிடமும் கேட்டேன். கடைசியாக வாப்பா முன்னால் போய் நின்றேன்.

"எல்லாத்தையும் மாப்புச் செய்ங்க வாப்பா."

"நீ என்ன புள்ள பிழ செஞ்ச?" என்று என் தலையில் கைவைத்தார். "மாப்பு. மாப்பு. எல்லாம் மாப்பு."

என்ன பிழை என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். நான் அழுதேன். பிரிகிற துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள், உம்மாவும் சேர்ந்து அழுதா. மறுநாள் வான் வண்டியில் பதினாலு பேர் விமான நிலையத்துக்கு வந்தார்கள்.

இந்த ஊருக்கு வந்து பார்த்தால், இங்கே மன்னிப்பு மிக மலிவு. பஸ்ஸில் தோள் பட்டால் சொறி. கடையில் ஒருவரைக் கடந்து போனால் சொறி. தும்மினாலும் சொறி. நானும் பழகிக்கொண்டேன், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தரம் சொல்வேன். மின்ஹா பாலைக் கொட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே "சொறி மம்மி" என்கிறாள். உம்மா என்று கூப்பிடு, தமிழில் சொல்லு என்றால், தமிழில் அதற்கு என்ன சொல் என்று கேட்கிறாள்.

5

நான் இங்கே வந்த முதல் வருடம் ஜூன் மாதம் வாப்பா வழமைபோல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து என்னை அழைத்தார்.

"புள்ள, நம்மட பேர் இல்ல. மூண்டையும் வெட்டி இருக்கான். செவப்புப் பேனையால."

"ஆரு?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டது என் வாய்தான்.

"அந்தப் பொடியன்தான். குகன். ஏன் எண்டு கேட்டா, 'தகவல் வந்தது ஐயா' எண்டுறான். ஆரு சொன்ன எண்டு கேட்டா வாயத் தொறக்கிறானில்ல. துலுக்கன் வரக் கூடாதெண்டு வெட்டி இருக்கான். உப்புக் கொண்டு குடுத்தனே புள்ள அவனுக்கு."

குகன் என் பெயரைச் சொல்லவில்லை. பெற்ற மகள்தான் சொன்னாள் என்று ஒரு வயதான மனிதரிடம் சொல்ல அவருக்கு மனம் வரவில்லைபோலும். அந்த மௌனத்துக்கு அவர் கொடுத்த விலை பெரிது. வாப்பா மனு எழுதினார். பிரதேச செயலகத்துக்கு ஒன்று, அதற்கு மேலே ஒன்று, அரசியல்வாதி ஒருவருக்கு ஒன்று. இனத் துவேசத்தால் முஸ்லிம்களின் பெயர்களை வெட்டுகிறார் என்று முறைப்பாடு. விசாரணை வந்தது. குகனைத் தூரத்துக்கு மாற்றினார்கள், கிடைக்க வேண்டிய பதவியுயர்வும் நின்றது. எல்லாச் செய்தியும் வாப்பாவே எனக்கு உற்சாகமாகச் சொன்னவைதான். ஒவ்வொரு தரமும் முடிவில் பதுவா என்கிற சாபமும் உண்டு.

"அவனும் அவன்ட புள்ளகளும் இடமில்லாம அலையட்டும்."

நான் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் வருடம், இப்போது சொன்னால் படிப்பு குழம்பும் என்று நினைத்தேன். இரண்டாம் வருடம் கல்யாணம் வந்தது. எல்லைகள் பூட்டிக் கிடந்த காலம். வாப்பா தொலைபேசித் திரையில் இருந்துகொண்டு நிக்காஹ்வுக்குச் சம்மதம் சொன்னார், அந்த நேரம் இதையா சொல்வது? பிறகு பிள்ளை. பிறகு பட்டம். பட்டமளிப்பு அங்கியோடு எடுத்த படத்தை வாப்பா சட்டகம் போட்டு மாட்டியிருக்கிறார். சொல்லாமல் விட ஒவ்வொரு வருடமும் ஒரு புதிய காரணம் கிடைத்தது. காரணம் தேடுவதிலும் எனக்கு ஒரு கலாநிதிப் பட்டம் தரலாம்.

உம்மா நானாவின் புத்திமதியைக் கேட்டுப் புத்தளத்தில் பதிந்துகொண்டா. வாப்பா மறுத்துவிட்டார். ஏழு வருடமாக அவர் எந்த இடாப்பிலும் இல்லை. தேர்தல் வந்தால் எல்லோரும் வாக்குப் போடப் போவார்கள், அவர் வீட்டில் இருப்பார்.

6

செவ்வாய்க்கிழமை மாலை அவரை அழைத்தேன். அங்கே லுஹர் தொழுது, சாப்பிட்டு எழும்பும் நேரம். மடியில் மின்ஹா இருந்தாள். எங்கள் பக்கத்தில் உம்மாவின் வாப்பாவை அப்பா என்போம். "ஹலோ அப்பா" என்றாள், அத்தோடு அவளுடைய தமிழ் முடிந்தது. இறங்கி ஓடிவிட்டாள்.

தாளைப் பற்றிச் சொன்னேன். வாப்பா முதலில் நம்பவில்லை.

"வெள்ளக்காரன்ட பள்ளிக்கொடத்தில நம்மட ஆறக் கேக்கிறானா? எழுது புள்ள, எழுது. மோதரகம் ஆறு. மாரியில ரெண்டு கரையும் முட்டிப் போகும்."

"மலை?"

"குதிரமல."

"அது மலையா வாப்பா? வில்பத்துக் கரையில இருக்கிற செம்மண் மேடுதானே?"

"எனக்கு மலதான். படகில வரக்குள்ள கடைசியா அதத்தான் கண்ட. ஒன்ட உம்மா அதப் பாத்துக்கொண்டே வந்தா, அது மறையிற மட்டும் ஒரு கத கதைக்கல்ல." பிறகு கேட்டார்: "ஊர்ப் பேர நான் சொல்லத் தேவல்லத்தானே?"

எழுதினேன். மூன்று கோடுகளும் நிரம்பின. பிறகு அவர் சாதாரணமாக, சந்தோசமாகச் சொன்னார்:

"வாற ஜூனில நான் திருப்பிப் போறன். புது ஜீ.எஸ். ஒருத்தி வந்திருக்காளாம். இந்தத் தாளயும் படமெடுத்து அனுப்பு. அந்த நாட்டுப் பள்ளிக்கொடமே நம்மள இந்த ஊராக்கள் எண்டு எழுதிக் குடுத்திருக்கு எண்டு காட்டுறன். ஒன்ட பேரையும் சின்னப்புள்ளட பேரையும் சேத்து வைக்கவா?"

எழுபத்திரண்டு வயது மனிதர், பாலர் பாடசாலைத் தாளை அத்தாட்சியாகக் கொண்டு பஸ் ஏறப் போகிறார். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"வாப்பா, அவர் தானா வெட்டல்ல. நான்தான் சொன்னன்."

நவம்பர் மழையிலிருந்து தொடங்கிச் சொன்னேன். துவாய் தந்ததையும், கேட்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னதையும், இங்க ஒருத்தரும் இல்ல, எழுதுங்க என்று நான் சொன்னதையும் விடாமல் சொன்னேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அறவில்லை. அவர் வீட்டு மின்விசிறியின் சத்தம் கேட்டது.

"அவன்ட புள்ளைக்கும் சேத்துப் பதுவா செஞ்சனே புள்ள" என்றார் கடைசியில். "தொழுதுட்டு இருந்து செஞ்சனே."

பிறகு வைத்துவிட்டார்.

அன்று படுக்குமுன் ரிஸ்வானிடமும் சொன்னேன். "இத என்கிட்டயாவது சொல்லி இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மின்ஹா வகுப்பில் எழுந்து நின்று தாளைப் பார்க்காமல் ஒப்புவித்தாள். பெற்றோர் சுவரோரமாக நின்று கேட்டோம். குதிரைமலை அவள் வாயில் குடிரமாலா என்று வந்தது. ஊர்ப் பெயரில் பாதியை விழுங்கிவிட்டாள். எல்லோரும் கை தட்டினார்கள். வாத்தியார் என்னிடம் வந்து, எவ்வளவு அழகான மலை, நீங்கள் அடிக்கடி போவீர்களா என்று கேட்டார். போனதில்லை, சொறி, என்றேன்.

7

ஒன்பது நாள் வாப்பா அழைக்கவில்லை. உம்மாவை அழைத்தால், "வெளிய போயிருக்கார்" என்பா. நானாவிடம் கேட்டேன். "பிரதேச செயலகத்துக்குப் போறார், வாறார். ஆரையோ தேடுறாராம். நீ என்ன சொன்ன அவருக்கு?" என்றார்.

பத்தாம் நாள் மாலை திரையில் வாப்பாவின் முகம் வந்தது. வெள்ளைச் சட்டை. பின்னால் தெரியாத வீட்டு முன்னறை ஒன்று, சுவரில் சாமிப் படம், மேசையில் தேத்தண்ணிக் கோப்பையும் ஒரு பை உப்பும்.

"செட்டிகுளத்தில இருக்கன் புள்ள. இவர்ட வீட்டில."

குகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முன்நெற்றியில் முடி கொட்டிப் போயிருந்தது. கதவு மறைவிலிருந்து பத்து வயதுப் பெண்பிள்ளை ஒன்று எட்டிப் பார்த்தது.

"மாப்புக் கேட்டுட்டன்" என்றார் வாப்பா. "பதுவா செஞ்சதையும் சொல்லித்தான் கேட்டன். ஒளிக்கல்ல."

குகன் சிரித்தார். சந்தோசமான சிரிப்பு அல்ல. "எங்களை அலையச் சொல்லிச் சபிச்சிருக்கத் தேவையில்லை ஐயா. சண்டைக்குள்ள நாலு தரம் இடம்பெயர்ந்து, முந்தியே அலைஞ்சு முடிச்சிட்டம்" என்றார். வாப்பா அவர் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி இருந்தார். பிறகு தொலைபேசியை அவரிடம் நீட்டினார்.

"என்ட பங்கு முடிஞ்சிது. இனி நீ ஒன்ட பங்கக் கேளு."

எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றுதான் வாயில் வந்தது.

"தெரிஞ்சோ தெரியாமலோ செஞ்ச பிழைக்கு மாப்புச் செய்ங்க அண்ணன்."

"தெரியாமலோ?" என்றார் குகன். குரலை உயர்த்தவில்லை. "என்னத்துக்கு எண்டு சொல்லிக் கேளுங்கோ தங்கச்சி. ஐயா அப்பிடித்தான் கேட்டவர்."

இருபத்து மூன்று வீடுகளிலும் யாரும் என்னை அப்படிக் கேட்கச் சொன்னதில்லை. சமையலறையில் ரிஸ்வான் தண்ணீர்க் குழாயை நிறுத்தினார். நான் சொன்னேன். நீங்கள் எழுதாமல் விடப் பார்த்தீர்கள், நான்தான் எழுதச் சொன்னேன். உங்கள் மேல் பழி வந்தபோது எனக்கு உண்மை தெரியும். விசாரணை வந்ததும் தெரியும், மாற்றம் வந்ததும் தெரியும். ஏழு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பயம் முதல் நாளோடு போய்விட்டது. பிறகு இருந்தது வெட்கம்.

"சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்து வாப்பா பஸ் நிலையத்திலிருந்து மறுபடி அழைத்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசினால் நன்றாயிருந்திருக்கும்.

"ஜூனில புத்தளத்து ஜீ.எஸ்ட தாளில என்ட பேரையும் போடச் சொல்லி நானாகிட்டச் சொல்லிட்டன்" என்றார்.

"ஏன் வாப்பா? பேரத் திருப்பி வைக்க அவர்கிட்ட வழி கேக்கல்லையா?"

"கேட்டன். ஆள் இருக்கிற எடத்தத்தான் எழுதலாமாம். நியாயம்தானே." பையிலிருந்த தாள்களை ஒரு கையால் மடித்துக்கொண்டே சொன்னார். கோபம் இல்லை அந்தக் குரலில். "நீ அண்டைக்கு அவர்கிட்டச் சொன்னதுதான் புள்ள. அங்க ஒருத்தரும் இல்ல."

பஸ் வருகிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.